யார் பெயரில் நடக்கிறது இந்த இல்லறம்?

கடந்த தை மாதத்தில் டிக்கோயாவை அண்மித்த தோட்டமொன்றில் நடைபெற்ற திருமணத்துக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கோயில் முன்றலில் பந்தல், ஒலிபெருக்கி, நாதஸ்வரம், இருநூறு பேருக்குச் சாப்பாடு என எதிலும் குறை இருக்கவில்லை. மணமகள் கொழுந்து பறிப்பவர். மணமகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர். தாலி கட்டி முடிந்ததும், விவாகப் பதிவாளர் வரவில்லையா என்று பெண்ணின் தகப்பனாரிடம் விசாரித்தோம். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் ஐயா. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, இதைவிட என்ன பதிவு வேண்டும்?” என்றார் அவர். அருகில் இருந்தவர்களும் ஆமோதித்துத் தலையசைத்தனர்.

அவர் சொன்னதில் சட்டப்படி பெரிய தவறு இல்லை. மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத்தவரின் தேசவழமை பொருந்தாது. கண்டிய விவாகச் சட்டமும் பொருந்தாது. நாட்டின் பொதுச் சட்டமே அவர்களை ஆள்கிறது. அதன்படி, பதிவு செய்யப்படவில்லை என்ற காரணத்துக்காக மட்டும், சமய வழமைப்படி நடந்தேறிய திருமணம் செல்லுபடியற்றதாகிவிடுவதில்லை. ஆனால், திருமணம் நடந்தது என்பதை நிரூபிக்க வேண்டிய நாள் ஒன்று வரும்போது, அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே விழுகின்றது. கணவன் இன்னொருத்தியுடன் போய்விட்டால், 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் வாழ்க்கைச் செலவு கேட்டுச் செல்பவள் அவளே. நியமனதாரரின் பெயரைக் குறிக்காமல் கணவன் இறந்துவிட்டால், ஊழியர் சேமலாப நிதிக்காகக் காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்குபவளும் அவளே. பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் அப்போது எங்கே இருக்கும்? சாட்சிகளில் பாதிப்பேர் இறந்திருப்பர். மீதிப்பேர் வேறு தோட்டங்களுக்கும் தலைநகருக்கும் போயிருப்பர். ஐயரைத் தேடிப் பிடிப்பதும் இலகுவல்ல.

தோட்டங்களைப் பொறுத்தவரை இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அங்கு நிகழும் பிறப்பையும் இறப்பையும் பதிவுக்கு அறிவிக்கும் கடமையைச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மீதே சுமத்தியிருந்தது. பிறந்தவரின் எண்ணிக்கையும் இறந்தவரின் எண்ணிக்கையும் துரைக்குத் தேவைப்பட்டன. இடையில் நிகழும் திருமணம் மட்டும் தொழிலாளரின் சொந்த விவகாரமாக விடப்பட்டது. அதனைப் பதிய வேண்டுமாயின் ஒருநாட் சம்பளத்தை இழந்து நகரத்துக்குப் போக வேண்டும். எனவே பதிவின்மையைத் தொழிலாளரின் அறியாமை என்று மட்டும் கூறிவிடுவது நியாயமாகாது.

பதிவு பற்றிப் பேசத் தொடங்கினாலே, அதனைவிடப் பெரிய கேள்வியொன்று எழுந்துவிடுகின்றது. திருமணம் என்ற ஏற்பாட்டில் பெண்ணின் இடம் யாது என்பதே அது. இக்கேள்வியை மலையகத்தில் எழுப்புவோருக்கு உடனடியாகக் கிடைக்கும் பதில், ‘இது எமது பண்பாடு, இருநூறு வருடத் துயரத்தில் எம்மைக் கட்டிக் காத்தது குடும்பமே, அதில் கைவைக்காதீர்கள்’ என்பதாகும். இப்பதிலை அலட்சியம் செய்தல் தகாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் மூன்று தலைமுறைகள் வாழ்ந்து மீண்டதற்குக் குடும்பப் பிணைப்பே காரணம் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் நாம் பண்பாடு என்று பெயரிட்டுக் கொண்டாடுவதில் எவ்வளவு தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தது, எவ்வளவு தோட்டத்துச் செக்றோலிலிருந்து வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

பீஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டோரில் பெண்களின் தொகை மிகக் குறைவு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கோ குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தனர். பாக்கு நீரிணையைக் கடந்துவிடலாம் என்ற அண்மை ஒரு காரணம். கொழுந்து பறிக்கப் பெண்களின் கைகள் வேண்டியிருந்தமை மற்றைய காரணம். தோட்டத்துக்குக் குடும்பம் என்பது உழைப்பின் ஓர் அலகு. கணவன் கவ்வாத்து வெட்டவும் மனைவி கொழுந்து பறிக்கவும் பிள்ளைகள் புல் பிடுங்கவும் ஒரே காம்பராவிலிருந்து மூன்று வகை ஆட்கள் கிடைத்தனர். ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணிக்கு, பிரட்டுக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு கிடைத்தது. ஆகவே யார் யாரை மணப்பது, மணந்தவள் எந்தக் கங்காணியின் ஆளாகக் கணக்கெடுக்கப்படுவாள் என்பவை உறவு முறையை மட்டும் பொறுத்த விடயங்களாக இருந்திருக்க முடியாது. கங்காணி திருமணத்துக்குத் தலைமை தாங்கியமையை மரியாதை என்று மாத்திரம் எண்ணிக்கொள்வோர் இதனையும் சேர்த்துச் சிந்திப்பது நல்லது.

1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. ஒரே மலையில், ஒரே மழையில், ஒரே அட்டைக்கடியில் உழைத்தவர்களுக்கிடையே இந்த 11 சத வித்தியாசம் 1984 வரை ஏதோவொரு வடிவில் நீடித்தது. அவ்வாண்டு தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்ற நிலை தேயிலைத் தோட்டங்களில் ஏற்பட்டது. சமமான அந்தச் சம்பளமும் யாருடைய கைக்குப் போனது? சம்பள தினத்தில் மேசைக்கு முன்னால் நின்று மனைவியின் பணத்தைக் கணவனும், மகளின் பணத்தைத் தகப்பனும் வாங்கிச் செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. நிர்வாகமும் அதற்குத் தடை சொல்லவில்லை. அதில் ஒரு பகுதி வீட்டுக்குப் போகும் வழியிலேயே தவறணையில் கரைந்துவிடும்.

இவ்வழக்கத்துக்குச் சட்டத்தின் ஆதரவு இருந்ததா எனில், இல்லை என்பதே பதில். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், மணமான பெண் மணமாகாதவளைப் போலவே தன் சொத்தைத் தானே வைத்திருக்கவும் கையாளவும் உரித்துடையவள் என்று கூறிவிட்டது. கொழும்பில் மாளிகை வைத்திருந்த சீமாட்டிகளுக்கு அச்சட்டம் பயன்பட்டிருக்கும். மஸ்கெலியாவில் கூடை சுமந்தவளுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதாக எவரும் சொல்லவில்லை. சட்டம் தடுக்காத, சமயமும் கட்டளையிடாத ஒன்று, கணக்கை இலகுவாக முடிக்க வேண்டும் என்ற காரியாலயத்து வசதிக்காக நிலைபெற்று, ஈற்றில் ‘குடும்பப் பெண்ணின் இலட்சணம்’ ஆகிவிட்டது.

தோட்டத்துப் பேச்சுவழக்கில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒருநாள் வேலைக்கான சம்பளக் கணக்கு என்பது பொருள். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அதிகாலையில் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறி, மாலையில் இறங்கி மீண்டும் அடுப்படிக்குச் செல்லும் பெண்ணுக்கு வீட்டு வேலைக்கு அரைப்பேர்கூட விழுவதில்லை. மலையில் உழைத்து வாங்கிய முழுப்பேரும் அவளது பெயரில் நிற்கவில்லை.

இனி அரசு என்ன செய்தது என்று பார்ப்போம். 1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இங்கு வந்திருந்தபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அதன் முன் சாட்சியமளித்தது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். சங்கத்தின் சார்பில் சென்றிருந்த அக்னஸ் டி சில்வா, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று தயக்கமின்றிப் பதிலளித்தார். கொழும்பு உயர்குடிப் பெண்ணொருவர், அக்காலத்து அரசியல் தலைவர்களிற் பலர் சொல்லத் துணியாத ஒன்றைச் சொன்னார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே ஆணைக்குழு வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. இறுதியில் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் அது கிடைத்து, 1931இல் முதலாவது தேர்தல் நடைபெற்றது. தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகள் குறுக்கே நின்றன என்பது உண்மையே. எனினும் கோட்பாட்டளவில் தோட்டத்துப் பெண் அன்று யாருடைய மனைவியாகவும் மகளாகவும் அன்றி, தனியொரு ஆளாக எண்ணப்பட்டாள்.

பதினேழே வருடங்களில் அதுவும் போயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பிரசாவுரிமையைத் தந்தை வழியில் வகுத்தது. 2003இல் திருத்தப்படும் வரை, தாயொருத்தி தன் பிரசாவுரிமையைத் தன் பிள்ளைக்கு வழங்க இயலாதிருந்தாள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ திருமணத்தையே ஓர் அளவுகோலாக்கியது. விண்ணப்பதாரர் மணமானவராயின் ஏழு வருட வதிவு, மணமாகாதவராயின் பத்து வருட வதிவு என விதிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் ஆணின் மனைவியும் இந்நாட்டில் இடையறாது வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. திருமணத்துக்கு எழுத்தில் ஆதாரமில்லாத ஒரு சமூகத்திடம் இப்படிக் கேட்டால் என்ன நிகழும்? தலைப்பிரசவத்துக்காகத் திருச்சிக்கோ சேலத்துக்கோ தாய்வீடு சென்று வந்த மனைவியின் பயணம், குடும்பம் முழுவதன் நாட்டுரிமையையும் கேள்விக்குள்ளாக்கக்கூடிய ஒன்றாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பங்களின் பேரில் ஏறத்தாழ 134,000 பேரே பிரசைகளாக ஏற்கப்பட்டனர். எஞ்சியோரின் தலைவிதியை 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நிர்ணயித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்ட அந்த ஏற்பாட்டில், பெண்கள் பெரும்பாலும் கணவன்மாரின் கடவுச்சீட்டைப் பின்தொடர்ந்தனர். தன் தாயும் சகோதரிகளும் பொகவந்தலாவையில் இருக்க, தான் கூடலூருக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டுமா என்று அவளிடம் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

திருமணத்தை அரசு அங்கீகரிக்காதபோது அதன் சுமையைப் பெண்களே தாங்கினர் என்பதற்குக் கடல் கடந்த தமிழரின் வரலாற்றில் இன்னோர் உதாரணமும் உண்டு. தென்னாபிரிக்காவில் 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ள் அளித்த தீர்ப்பினால், கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத இந்தியத் திருமணங்கள் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணங்களே அல்ல என்றாயிற்று. அதுவரை ஆண்களின் போராட்டமாக இருந்த சத்தியாக்கிரகத்தில் அதன் பின்னர்தான் பெண்கள் திரளாகக் குதித்தனர். அவர்களிற் கணிசமானோர் தமிழ்ப் பெண்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டியவர்கள் அவர்களே. சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் உயிர் துறந்தார். அவ்வருடமே இந்தியர் நிவாரணச் சட்டம் திருமணங்களை அங்கீகரித்தது. அப்பெண்கள் திருமணம் என்ற ஏற்பாட்டை எதிர்த்தவர்கள் அல்லர். அதற்கான அங்கீகாரத்தையே கோரினர். ஆயினும் அந்த அங்கீகாரத்தைக் கணவன்மாரின் வாயால் கேட்காமல் தாங்களே வீதிக்கு வந்து கேட்டதன் மூலம், மனைவி என்ற சொல்லின் பொருளைச் சிறிதாவது மாற்றிவிட்டனர் எனலாம்.

இலங்கை மலையகத்தில் அத்தகைய குரலுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மீனாட்சி அம்மாள். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலத்தில், தோட்டம் தோட்டமாகச் சென்று கூட்டங்களில் பாடியும் பேசியும் தொழிலாளரைத் திரட்டியவர் அவர். பத்திரிகையில் பெண்ணுரிமை குறித்தும் எழுதினார். 1940இல் தமது பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். பெண்கள் சபையில் வாய் திறப்பதே அடக்கமின்மை எனக் கருதப்பட்ட நாட்களில், துரைமாரின் காவலையும் மீறி ஒரு பெண் மேடையேறியதே ஒரு வாதமாகும். ஆனால் நமது மேடைகளில் அவர் இன்றும் எப்படி அறிமுகம் செய்யப்படுகிறார்? பெரும்பாலும் ‘நடேசய்யரின் துணைவியார்’ என்றுதான். அவர் பெயரைச் சொல்வதற்கும் கணவரின் பெயர் முன்னே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அக்காலத்தில் தமிழகத்தில் நிகழ்ந்தவையும் இங்கு எட்டாமல் இருக்கவில்லை. 1929 பெப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும், மணமுறிவு உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் 1932இல் இலங்கைக்கும் வருகை தந்தார். பிற்காலத்தில் ஏ. இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பிற்று. 1962இல் அது தடை செய்யப்பட்டது. தமிழகத்தில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகச் சுயமரியாதைத் திருமணங்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன. இங்கு அந்த அலை திருமண முறையைப் பெரிதாக மாற்றாமலே ஓய்ந்துவிட்டது.

இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழகத்துச் சீர்திருத்தவாதிகள் மறுமணத்துக்கும் மணமுறிவுக்கும் போராடியது, அவற்றை அறவே மறுத்த மேல்சாதிக் குடும்பங்களின் நிலையைக் கண்டு. தோட்டத்து மக்களில் பெரும்பாலோரின் வழக்கம் அதுவன்று. கணவனை இழந்தவளோ பிரிந்தவளோ இன்னொருவரோடு வாழ்வதை லயத்துச் சமூகம் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டது. பெரியவர்கள் முன்னிலையில், பின்னர் தோட்டத் தலைவர் முன்னிலையில், தீர்த்துக்கொண்டு பிரிவதும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்டனர். பெண் வீட்டார் சீதனம் கொடுக்கவில்லை. பெண் உழைக்கும் கை என்பதால் அவளைப் பெறுவதற்கு ஏதேனும் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. அதனைப் பெருமைப்படுத்துவதற்கில்லை. எனினும் அவள் ஒரு சுமை என்ற எண்ணம் அதில் இருக்கவில்லை.

இன்று நிலைமை தலைகீழாகி வருகின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் உயர உயர, சீதனப் பேச்சு மெல்ல நுழைகின்றது. கல்யாண மண்டபம், வீடியோ, வட்டிக்கு எடுத்த கடன் என்பன கூடவே வருகின்றன. பிரிந்து வந்தவளை ‘வாழாவெட்டி’ என்று அழைக்கும் வழக்கமும், கைம்பெண்ணைச் சடங்கில் ஒதுக்கி வைக்கும் வழக்கமும், முன்பு இல்லாத இறுக்கத்தோடு வேரூன்றுகின்றன. இவற்றைத்தான் நாம் இப்போது ‘எமது பாரம்பரியம்’ என்கிறோம். எமது பாட்டிமாருக்கு இருந்த நெகிழ்வை இழந்து, பிறரது இறுக்கத்தைக் கடன் வாங்கி, அதற்குப் பண்பாடு என்று முத்திரை குத்துவது என்ன நியாயம்? முன்னேற்றத்தின் பெயரால் நிகழும் இந்தப் பின்னடைவு, எமது பார்வையில், தோட்ட நிர்வாகம் இழைத்த அநீதிகளுக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. அதற்குத் துரையைக் குறை சொல்லவும் முடியாது.

பதிவைப் பரிந்துரைப்போர் இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடலாகாது. பதிவு செய்யப்பட்ட திருமணத்தைத் தலைவர் முன்னிலையில் தீர்த்துக்கொள்ள இயலாது. மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குக் காட்டும் காரணங்கள் பிறர்மனை உறவு, தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், தீராத ஆண்மைக் குறைவு போன்றவையே. நாள்தோறும் அடிபடுகிறேன் என்பது அதில் தனியொரு காரணமாக இல்லை. சட்டத்தரணிக்கும் பயணத்துக்கும் செலவழிக்க நாட்சம்பளக்காரியிடம் என்ன இருக்கிறது? ஆக, பதியாதவளுக்கு ஆதாரம் இல்லை. பதிந்தவளுக்கு வாசல் இல்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், பதிவின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர்களும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோர இடமளித்தமை ஓரளவு ஆறுதல். ஆயினும் அக்கட்டளையைப் பெற்றுக்கொண்டு அவள் திரும்பிச் செல்ல வேண்டியது அதே காம்பராவுக்குத்தானே!

வயது விடயத்தையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பன்னிரண்டு என வைத்திருந்தது. ஐரோப்பிய, பறங்கியர் வீட்டுப் பெண்ணாயின் பதினான்கு! எண்பத்தெட்டு வருடங்கள் கழித்து, 1995இல்தான் அச்சட்டத்தின் கீழ் அது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. இதனால் பதினாறு, பதினேழு வயதில் சேர்ந்து வாழத் தொடங்குவோரின் உறவு பதிவுக்கு அப்பால் நிற்கின்றது. வயது வந்த பின்னரும் பலர் அதனைப் பதிவதில்லை. பெற்றோர் விவாகமானவர்களா என்று பிறப்புச் சான்றிதழில் நெடுங்காலம் கேட்கப்பட்டு வந்த கேள்விக்குப் பாடசாலை வாசலில் தலைகுனிந்தவை அவர்களது பிள்ளைகளே. வயதெல்லையைத் தளர்த்துவது இதற்குப் பரிகாரமாகாது. பதினாறு வயதில் பாடசாலையை விட்டு இடைவிலகும் சிறுமிக்குத் திருமணமும் வீட்டு வேலையும் தவிர வேறு வழி தெரியாதிருக்கும் நிலையை மாற்றுவதே பரிகாரம்.

தொழிற்சங்கங்கள் இதில் என்ன செய்தன? சந்தாப் பணத்தில் பாதிக்கும் மேற்பட்டது பெண்களின் சம்பளத்திலிருந்து செல்கின்றது. தலைவர் பதவி பெரும்பாலும் ஆண்களிடம் இருக்கின்றது. பெண்களுக்கு மாதர் சங்கம். குடும்பத் தகராறு என்று வந்தால், ‘அனுசரித்துப் போ அம்மா’ என்ற ஒரே தீர்ப்பே எழுதப்படுகின்றது. சம்பள உயர்வுக்குப் பிரட்டுக்களத்தில் முழங்குபவர்கள், அச்சம்பளம் யார் கைக்குச் செல்கிறது என்று கேட்டதாக எமக்கு ஞாபகமில்லை. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவிலிருந்தும் அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் பாராளுமன்றம் சென்றனர். மலையகத் தமிழ்ப் பெண்கள் அச்சபைக்குத் தெரிவாக 1931இலிருந்து தொண்ணூற்று மூன்று வருடங்கள் பிடித்திருக்கின்றன. கட்சி எதுவாயினும், இவ்விடயங்களை அவர்கள் அங்கு எழுப்புவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு வாக்களித்த பெண்களுக்கு உரிமை உண்டு.

எழுப்புவதற்குக் கைவசம் ஒரு விடயமும் இருக்கின்றது. லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகளும், அவற்றுக்கான ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணிகளும் கடந்த பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு, சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்டும் வருகின்றன. தோட்ட மக்களின் கைக்கு முதன்முதலாக வரும் சொத்து இதுதான். லயக் காம்பரா நிர்வாகத்தின் பதிவேட்டில் எவ்வாறு ஆணின் பெயரில் இருந்ததோ, அவ்வாறே காணி உறுதியும் அவனது பெயரில் மட்டும் எழுதப்படுமாயின், செக்றோலில் தொடங்கிய கதை உறுதிப் பத்திரத்தில் நிரந்தரமாகிவிடும். குடியேற்றத் திட்டக் காணிகளில் ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமையளித்து வந்த 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத் திருத்துவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதிய பின் திருத்துவதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி. கணவனைப் பிரிந்தும் இழந்தும் வாழும் பெண்ணுக்குத் தன் பெயரிலேயே உறுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கே வரும் பதிவாளர். கேட்பது இவ்வளவுதான். இதனால் எந்தக் கோயிலும் இடிந்துவிடாது. எந்தத் தாலியும் அறுந்துவிடாது.

டிக்கோயாத் திருமணத்துக்கு மீண்டும் வருவோம். சாப்பாடு முடிந்ததும் மொய் எழுதத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அத்தனையும் ஆண்களின் பெயர்கள். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாவை எடுத்து மேசையில் வைத்தார். எழுதிக்கொண்டிருந்த இளைஞர் அவருடைய கணவரின் பெயரைச் சொல்லி, அது முன்னமே பதிந்தாயிற்றே என்றார்.

“அது அவரு போட்டது தம்பி. இது நா போடுறது. எம்பேருல எழுதுங்க” என்றார் அந்த அம்மா.

இளைஞர் சற்றுத் தயங்கினார். பிறகு அவரது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒலிபெருக்கியில் அது வாசிக்கப்படும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.